பனிக்கு எடை வந்த வருடம்

2016 தீபாவளிக்கு மறுவாரம் முதல், பிரிஞ்சாங் ஊருக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பனி எடையோடு இறங்கத் தொடங்கியது. கொடியில் காய்ந்த சட்டை ஒவ்வொன்றும் கால் கிலோ கூடுதலாக இருந்தது. மலைக்குக் கீழே பழைய பேட்டரி உருக்கும் உலை ஒன்று அந்த வருடம்தான் திறந்திருந்தது. அதன் ஈயத்தூளும் லோரிப் புகையும் பனியில் ஏறிக்கொண்டதை யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன அவசரம்? கொழுந்துக் கூடைகள்தான் கனத்துக்கொண்டே போயினவே! ஈரத்துக்கென்று, கொழுந்து நிறுக்கும் கங்காணி மாடசாமி நல்ல வெயிலிலும் கூசாமல் கழிக்கும் இரண்டு கிலோவை மாரியம்மனே திருப்பித் தருகிறாள் என்று பெண்கள் நினைத்தார்கள். நிறுவைக் கொட்டகை வாசலில் பொங்கலும் வைத்தார்கள். அந்தப் பொங்கலுக்கு அரிசி களைந்து போட்டவள் நீலாவதி. அப்போது அவள் நிறைமாதம்.

பழைய பனியை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் உள்ளே வந்து, அடுப்படிவரை போய், ஆலையில் வாடும் கொழுந்தின் வாசனையை விட்டுவிட்டுத் திரும்பும். பிள்ளைகள் அதை பிஸ்கட் டின்னில் அடைத்து விளையாடுவார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. குரலை வைத்துத்தான் ஒருவரையொருவர் கண்டுபிடிப்போம். அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பனி கனத்தபிறகு லயத்தில் பிறந்த ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேர் பேசவில்லை. நீலாவதியின் மகள் பூவிழி அதில் ஒருத்தி. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், டின் மூடிகளை வரிசையாக அடுக்கி மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் ஆட்டிசம் என்றார். காற்றில் வரும் உலோகம்தான் காரணமா என்று நீலாவதி கேட்டாள். அப்படி உறுதியாகச் சொல்லவும் முடியாது, இல்லையென்று தள்ளவும் முடியாது, இன்னும் ஆராய்கிறார்கள் என்றார். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. கூடை கனத்தபோது சாமி கும்பிட்ட தன் கைகளை அவள் மன்னிக்கவே இல்லை.

பூவிழிக்கு ஆறு வயதானபோது, ஒரு மத்தியானம் அவள் பனிக்குள் காணாமல் போனாள். பள்ளமோ பக்கத்திலேயே. கூப்பிட்டால் குரல் கொடுக்கிற பிள்ளையும் இல்லை. ஆட்கள் நாலாபக்கமும் ஓட, மாடசாமி மட்டும் தராசைப் பார்த்து நின்றுவிட்டார். சங்கிலியில் தொங்கிய தராசு நேராக இல்லை. மேட்டுப் பக்கம் சாய்ந்து நின்றது.

“நீலா, இங்க வாம்மா. ஒண்ணும் மாட்டல, பதினெட்டு கிலோ காட்டுதுலா.”

போன வாரம்தான் கிளினிக்கில் பிள்ளையை எடை பார்த்திருந்தார்கள்.

“அது என் பிள்ளையோட எடை, கங்காணி. கழட்டிக் குடுங்க.”

கையில் பிடித்ததும் தராசு அவளைக் கன்றுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு போனது. மேட்டு விளிம்பில் பூவிழி உட்கார்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பனியிலிருந்து இறங்கிய உலோகத்தூள் அவளைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தது. நீலாவதி பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி மூடியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். தராசின் முள் பூஜ்யத்துக்கு வந்தது. நீலாவதி தன் கைகளை அன்றுதான் மன்னித்தாள்.

உலை இன்னும் எரிகிறது. அதை மூடச் சொல்லி மூன்று மனு போட்டாயிற்று. மாடசாமி இரண்டு கிலோ கழிப்பதை நிறுத்திவிட்டார். கொட்டகைக்குப் புதுத் தராசு வந்துவிட்டது. பழையது நீலாவதி வீட்டு வாசலில் தொங்குகிறது. பனி இறங்கினால் எட்டிப் பார்த்து, அது சாய்ந்திருக்கும் பக்கமாக, மகளுக்கு ஒரு குவளை சூடான மைலோவோடு நடந்து போவாள்.