ஜான் பீட்டரின் வலது கை

எங்கள் ரூமில் ஒருவன் ரசம் சாதத்தைக் குச்சியால் சாப்பிட்டான். ஏதோ ஒருநாள் விளையாட்டுக்கு இல்லை, மாதக்கணக்கில். அந்த ரசத்தை வைத்தவன் நான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து ஷார்ஜா தொழில்பேட்டையில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற ராமையா. ரூமில் என்னைத் தவிர எவனுக்கும் வெங்காயம் வதக்கத் தெரியாது என்பதால் சமையல் என் தலையில் விழுந்தது. சமைக்கிறவனுக்குக் கிடைக்கிற ஒரே சந்தோஷம், எதிரில் உட்கார்ந்து பிசைந்து அடித்துவிட்டு விரலை நக்குகிறவனைப் பார்ப்பதுதான். அதில் மண்ணைப் போட்டவன் ஜான் பீட்டர்.

ஜான் பீட்டர் எங்கள் கராஜில் கார் ஏசி பார்க்கிறவன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். நல்லவன், கொஞ்சம் மந்தம். பெண் தேடி வெப்சைட்டில் போட்டோ போட்டான். அந்தப் போட்டோவில் அவன் மடியில் ஒரு கிட்டார் இருந்தது. சர்ச்சில் வாசிக்கிற எவனோ டீ குடிக்கப் போன நேரத்தில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. வைத்தவன் அத்தோடு நின்றானா? கீழே 'சிறு வயது முதல் கிட்டார் வாசிப்பேன்' என்று எழுதியும் தொலைத்தான்.

பஹ்ரைனிலிருந்து பதில் வந்தது. பெண் பெயர் சுபிஷா, மனாமாவில் நர்ஸ், அங்கேயே குதைபியா பகுதியில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள், ஊர் இவன் ஊருக்குப் பக்கத்து ஊர். போனில் பேசப் பேச இவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆகஸ்ட் மாதம் ஒருநாள் போனை வைத்துவிட்டு, பேயறைந்தவன் மாதிரி என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, டிசம்பர் லீவுக்கு இங்க அவ அண்ணன் வீட்டுக்கு வாறாளாம். நேர்ல பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாளாம். அண்ணைக்கு நான் கிட்டார் வாசிக்கணுமாம்."

"வாசிக்க வேண்டியதுதானே."

"எனக்குத் தெரியாதே அண்ணே!"

"அப்ப உண்மையச் சொல்லிரு."

"உண்மையச் சொன்னா பொய் சொன்னது தெரிஞ்சிரும்லா?"

போடா என்று வெங்காயம் நறுக்கப் போனேன். ஆனால் பையனுக்கு அந்தப் பெண்ணை உண்மையாகவே பிடித்துவிட்டது. அது முகத்திலேயே தெரிந்தது. அவள் கைவிட்டுப் போனால் இவன் தாங்க மாட்டான் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வாரமே ஒரு பழைய வெள்ளைக் கார் எங்கள் கராஜுக்குள் பறந்து வந்து நின்றது. உள்ளிருந்து ஒரு சீன அம்மாள் இறங்கினார். குள்ள உருவம், நரைத்த கிராப்பு, குரல் மட்டும் லாரி ஹாரன். "ஏசி கராப்! ஜல்தி, ஜல்தி!" என்று இந்தியில் கத்தினார், ஏசி கெட்டுப்போய்விட்டதாம். பின் சீட்டில் ஒரு கிட்டார், சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. வெயிலில் கிடந்தால் பசை விட்டுக் கிட்டார் வாயைப் பிளந்துவிடும் என்று பதறினார். அவர் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்ததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அவர்தான் தாவ் டீச்சர். துபாயில் பிள்ளைகளுக்குக் கிளாசிக்கல் கிட்டார் சொல்லித்தருகிறவர்.

ஜான் பீட்டர் ஏசியைச் சரிபண்ணிவிட்டு, கூலி வேண்டாம், எனக்கும் கிட்டார் சொல்லித்தாங்க என்றான். டீச்சர் அவன் இரண்டு கைகளையும் வாங்கி, கத்திரிக்காய் பொறுக்குவதுபோலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எப்போ வாசிக்கணும்?"

"டிசம்பர், மேடம்."

"எந்த வருஷம்?"

துபாய் இன்டர்நேஷனல் சிட்டியில் அவர் வீடு. கராஜ் பிக்கப்பில் நான்தான் அவனை வெள்ளிக்கிழமைதோறும் கூட்டிப்போனேன். முதல் வகுப்பு முழுக்க உட்காரக் கற்றுக்கொடுத்தார். இடது காலை ஒரு குட்டி முக்காலியில் தூக்கி வைக்க வேண்டும், கிட்டார் இடது தொடையில் இருக்க வேண்டும், முதுகு நிமிர வேண்டும். மடியில் கிட்டாரைத் தலைகீழாக வைத்துக்கொண்டு இவன் விழித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர் இரவல் தந்த பழைய கிட்டாரோடு ரூமுக்கு வந்தவனுக்கு முக்காலிக்குப் பதில் என்னுடைய காலி பெயின்ட் தின்னர் டப்பாவைக் கொடுத்தேன்.

சும்மா இருக்க முடியாமல், "இது வெள்ளைக்காரன் சாமான்தானே டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். அரபிக்காரர்கள் வாசிக்கிற ஊது என்கிற தந்தி வாத்தியம் இருக்கிறதே, அது கிட்டாருக்குச் சொந்தக்காரனாம். அந்தக் காலத்தில் அரபிகளோடு ஊது ஸ்பெயினுக்குப் போனதாம். கிட்டார் அதன் பிள்ளையா, பங்காளியா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். கடைசியில் ஸ்பெயினில் ஒரு தச்சர் உடம்பைப் பெரிதாக்கி இப்போதிருக்கிற உருவத்துக்குக் கொண்டுவந்தாராம். நைலான் வருகிறவரைக்கும் கம்பிக்குப் பதில் ஆட்டுக்குடலைத்தான் திரித்துக் கட்டினார்களாம்.

"குடலையா? கழுவிட்டா கட்டுனாங்க?" என்றேன். சமையல்காரனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

"நல்லாக் கழுவி," என்றார் டீச்சர், முகம் மாறாமல்.

"இது எங்க செஞ்சது டீச்சர்?" என்று அவர் கையிலிருந்ததைக் காட்டினேன். சீனாவில் செய்து, கன்டெய்னரில் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் வந்து இறங்கியது என்றார். ஆக, அரபிக்காரன் சொந்தம் ஸ்பெயின் போய், சீனா போய், திரும்ப அரபு நாட்டிலேயே வந்து இறங்கியிருக்கிறது. என் விசாகூட இத்தனை சுற்றுச் சுற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் வில்லங்கமே. கிளாசிக்கல் கிட்டாரை நகத்தால்தான் மீட்ட வேண்டுமாம். வலது கையில் சுண்டு விரலை விட்டு மற்ற நாலு விரலிலும் நகம் வளர்க்க வேண்டும், இடது கையில் ஒட்ட வெட்ட வேண்டும். நகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழமழவென்று வைக்க வேண்டும். தாளைக் காட்டினார். கார் பாலிஷுக்கு முன்னால் நான் தேய்க்கிற அதே ரெண்டாயிரம் நம்பர் தாள். கராஜிலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். பொழுது சாய்ந்தால் ஜான் பீட்டர் கட்டிலில் உட்கார்ந்து விரல் விரலாகத் தேய்ப்பான். எனக்கு டூட்டி முடியாத மாதிரியே இருக்கும்.

மூன்றாவது வாரம் டீச்சர் அவன் நகத்தைப் பார்த்து அலறினார். "மஞ்சள்! உனக்கு மஞ்சள் காமாலையா? ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"இல்ல மேடம், அண்ணன் வச்ச மீன் குழம்பு."

"கையாலயா சாப்பிடற?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். மஞ்சளும் புளியும் முள்ளும் நகத்துக்கு எமன் என்று தீர்ப்பாகிவிட்டது. "கை மாஃபி! கலாஸ்!" என்று, இனிமேல் கையே கூடாதென்று அரபியில் முடித்துவிட்டு, உள்ளே போய்ச் சீனர்கள் சாப்பிடுகிற இரண்டு குச்சிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பூன் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை நான் ஞாபகப்படுத்தினேன். ஸ்பூன் பிடித்தால் விரல் தூங்கிவிடும், குச்சி பிடித்தால் விரலுக்குப் பயிற்சி என்றார்.

அன்றிலிருந்து என் மீன் குழம்பை அவன் குச்சியால் குத்தினான். ரசத்தில் ஒவ்வொரு பருக்கையாகத் துழாவிப் பிடித்தான். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் இவன் பாதித் தட்டில்தான் இருப்பான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருநாள் வேண்டுமென்றே பாயசம் வைத்தேன். அதையும் குச்சியால் தொட்டுத் தொட்டு நக்கினான், மடையன்.

இவ்வளவு பாடுபட்டும் கற்றது என்ன? நாலே கம்பி. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரல். டொய்ங், டிங், டிங், டிங். திரும்ப டொய்ங், டிங், டிங், டிங். இந்த நாலும் ஒரே அளவாக விழுகிறவரை வேறு பாடம் கிடையாது என்றார் டீச்சர். விழவே இல்லை. நவம்பர் முடிந்தும் விழவில்லை. ரூமில் மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் வந்துவிட்டது. அப்பா அம்மா ஊரில், பெண் வீட்டுக்குப் பெரியவர்கள் யாராவது கூட வர வேண்டும் என்று ஜான் பீட்டர் என்னையும் தாவ் டீச்சரையும் கூப்பிட்டான். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமாகப் புதுக்கோட்டை பெயின்டரும் சீனத்து டீச்சரும். என்ன பழம் வாங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் சிவப்புப் பட்டுச் சட்டையில் ஒரு பெட்டி ஆரஞ்சோடு வந்து நின்றார். சம்பந்தி வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சுபிஷாவின் அண்ணன் சுபினும் அவர் மனைவி அக்ஸாவும் எங்களை மரியாதையாக உட்கார வைத்தார்கள். சுபிஷா எதிரில் வந்து உட்கார்ந்தாள். அமைதியான பெண், கண் மட்டும் சும்மா இருக்காது. அது நேரே ஜான் பீட்டரின் வலது கையில் போய் நின்றது. நர்ஸ் இல்லையா? ஆம்பளை கையில் அத்தனை நீள நகம். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

சாப்பாடு முதலில் என்றார்கள். அக்ஸா நண்டுக் குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாசனைக்கே எனக்குப் பசி இரட்டித்தது. எல்லோரும் கை நனைத்தோம். ஜான் பீட்டர் பாக்கெட்டிலிருந்து குச்சிகளை எடுத்தான்.

"என்னவாக்கும் இது?" என்றார் சுபின்.

"நகத்துக்காக," என்று முனகிவிட்டு நண்டைக் குச்சியால் பிடித்தான். அது வழுக்கி மேலே கிளம்பி சுபினின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது.

சட்டைகூடப் பரவாயில்லை. சுபினுக்கு வேறு கோபம். "எங்க வீட்டுச் சோத்தைக் கையால தொட மாட்டீரோ? கல்ஃப்ல ரெண்டு வருஷம் இருந்தா இம்புட்டு பவுசா?" என்றார். உட்கார்ந்த இடம் முள்ளாகிப்போனது. சுபிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. கடக். எல்லோரும் திரும்பினோம். தாவ் டீச்சர் இரண்டு கையாலும் ஒரு நண்டுக் காலை உடைத்து, முழங்கை வரை குழம்பு ஒழுக, கண்ணை மூடி உறிஞ்சிக்கொண்டிருந்தார். பத்து விரலும் மஞ்சள். கட்டை விரல் நகம் முறிந்து தொங்கியது.

"மேடம்! நகம்!" என்று அலறினான் ஜான் பீட்டர்.

"நகம் வளரும்," என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல். "நண்டு ஆறிடும்."

அவ்வளவுதான். குச்சிகளை வீசிவிட்டுப் பாய்ந்தான் பாருங்கள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த கை. நண்டு ஓட்டை உடைக்க, உறிஞ்ச, சோற்றைப் பிசைய. மோதிர விரல் நகம் பாதியில் பிளந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. சுபினுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அக்ஸா இன்னொரு நண்டை அவன் தட்டில் போட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

கை கழுவி வந்ததும் சுபின் பெரியவர்களிடம் கேட்கிற முறையில் டீச்சரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "நீங்க சொல்லுங்க. பையன் எப்படி? நல்லா வாசிப்பானா?"

"இல்லை," என்றார் டீச்சர். "மோசம். தாளமே கிடையாது. ஆகஸ்ட்ல வந்தான். கிட்டாரைத் தலைகீழா வச்சிருந்தான்."

"ஆகஸ்ட்லயா? சின்ன வயசுலேந்து வாசிக்கான்னு போட்டிருந்ததே?"

நான் டீச்சருக்குக் கண் காட்டினேன், காலைக்கூட மிதித்தேன். பிரயோஜனம் இல்லை. ஜான் பீட்டர் எழுந்து நின்றான். "அது பொய். போட்டோல இருந்தது வேற ஒருத்தருக்க கிட்டாரு. மன்னிச்சிருங்க," என்றான். சுபினின் முகம் இறுகியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

சுபிஷாதான் வாயைத் திறந்தாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை. "ஆகஸ்ட்லேந்து இப்ப வரை என்ன படிச்சாங்க, டீச்சர்?"

"நாலு கம்பி." டீச்சர் பல்லிடுக்கில் நண்டைத் துழாவிக்கொண்டே சொன்னார். "என்கிட்ட நிறைய பேர் வருவாங்க. பாட்டு எப்போ, பாட்டு எப்போன்னு கேப்பாங்க. பாட்டு இல்லைன்னு சொன்னா ஓடிடுவாங்க. இவன் கேட்கவே இல்லை. நாலு கம்பி. தப்பு. அடுத்த வாரம் வருவான். மறுபடியும் தப்பு. மறுபடியும் வருவான். நான் என்ன திட்டினாலும் வருவான். இப்படி ஒருத்தனை நான் பார்த்தது இல்லை."

சுபிஷா ஜான் பீட்டர் பக்கம் திரும்பினாள்.

"வாசிச்சுக் காட்டுங்க," என்றாள் சுபிஷா.

கொண்டுவந்திருந்த இரவல் கிட்டாரை எடுத்தான், இடது காலைத் தூக்கி வைக்க முக்காலி இல்லை. ஆரஞ்சுப் பெட்டியில் வைத்துக்கொண்டான். டொய்ங், டிங், டிங், தொப். நகம் உடைந்த விரல் வரும்போதெல்லாம் தொப். நிறுத்தவில்லை. டொய்ங், டிங், டிங், தொப். வேர்த்துக் கொட்டியது. கேட்க அவ்வளவு கண்றாவியாக இருந்தது, எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

சுபிஷா எழுந்து உள்ளே போனாள். சொல்லாமல் கொள்ளாமல் போகிறாளே என்று நினைத்தோம். கைப்பையோடு திரும்பி வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "கையக் குடுங்க," என்றாள்.

நகவெட்டியை எடுத்தாள். பிளந்த நகத்தை மட்டும் சதை படாமல் வெட்டினாள், ஓரத்தைத் தேய்த்து விட்டாள். மற்ற மூன்று நகத்தையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், வெட்டவில்லை.

"இதெல்லாம் இருக்கட்டும்," என்றாள். "இதுவும் வளரட்டும். வளந்தா சரியா வரும்."

சுபின் தொண்டையைச் செருமினார்.

"வெட்டியாச்சுல்லா சுபி, கைய விடு."

"இருங்கண்ணா, பாத்துட்டிருக்கேன்," என்றாள் அவள்.