சுவருக்கு மேலே ஆறு காது

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தைக் கட்டின மகராசன் எவனோ, சுவரை முழுசாகக் கட்டாமல் விட்டுவிட்டான். வரிசையாகப் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் கூரைத் தகரம் வரைக்கும் வெறும் திறப்புதான். பத்துக் குடும்பமும் ஒரே காற்றைத்தான் மூச்சுவிட வேண்டும். சுவருக்கும் காது உண்டு என்று மற்ற ஊர்க்காரர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். தேவாலா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அது கட்டட வேலை. இங்கே ஒரு பிள்ளை தும்மினால் அங்கேயிருந்து ‘நூறாயுசு’ என்று குரல் வரும்.

வாசுகி பிறந்தது அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து இறங்கின குடும்பம். அப்பாவுக்குப் பந்தலூர்க் கடையொன்றில் வேலை கிடைத்ததும், ஒன்பது வயதில் அங்கிருந்து கிளம்பிவிட்டாள். கோயம்புத்தூரில் சமூகப்பணி படித்தாள். அடிபட்ட பிள்ளைகளின் மனசைப் படம் வரையவைத்து ஆற்றுகிற வேலைக்குத் தனியாகப் பயிற்சி எடுத்தாள். இருபத்தெட்டு வயதில், கூடலூர்த் தொண்டு நிறுவனத்தின் ஆளாக, சனிக்கிழமைதோறும் அதே தோட்டத்துக்கு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

வகுப்பு நடந்தது புள்ளமடுவத்தில். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற கட்டடம் அது. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் சும்மாதான் கிடக்கும். பதினாலு பிள்ளைகள் வந்தார்கள். படம் வரைந்தால் மனசு ஆறுமா என்று தோட்டமே சிரித்தது. சிரிக்கட்டும். ஜெர்சன் என்ற பையன் ஆறு வாரம் வெறும் யானையாக வரைந்து தள்ளினான். ஏழாவது வாரம் யானையின் காலடியில் தன் சித்தப்பாவை வரைந்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி பள்ளிக்கூடம் போனான். அதற்குப் பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

பயிற்சியில் அவளுக்கு இரண்டே பாடம்தான் மண்டையில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை வரைந்த படம் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. பிள்ளை வரைந்த படத்துக்கு நீ அர்த்தம் சொல்லாதே, வரைந்த பிள்ளையிடம் கேள். முதல் நாளே பதினாலு தலையிலும் கைவைத்து, எந்தப் படமும் வெளியே போகாது என்று சத்தியம் செய்திருந்தாள். இரும்புப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

சுவாதிக்குப் பன்னிரண்டு வயது. மூன்று மாதம் அவள் வாய் திறக்கவில்லை. வருவாள், மூலையில் உட்காருவாள், தாளைக் கறுப்பு மெழுகுக்குச்சியால் முழுக்க இழுகிவிட்டுப் போய்விடுவாள். ஜூன் கடைசியில், மழை தகரத்தைப் பிளந்துகொண்டு கொட்டின ஒரு சனிக்கிழமை, முதல்முறையாக உருவங்கள் வந்தன. ஓர் அறை. அடுப்போரம் சுருண்டு கிடக்கிற பெண். கையை ஓங்கி நிற்கிற ஆண். கட்டிலுக்கடியில் இரண்டு கண். இரண்டு பக்கத்துச் சுவருக்கு மேலேயும் அந்தத் திறப்பு. திறப்பில் வரிசையாகக் காதுகள். வலது பக்கம் நாலு, இடது பக்கம் இரண்டு. ஆறு காதும் தலையை விடப் பெரிசு.

சுவாதி படத்தை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வாசுகி படத்தை எடுத்துப் பார்த்தாள். கேட்க என்ன இருக்கிறது? ஓங்கின கை பிள்ளையின் அப்பா பொன்ராஜுடையது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அவனை அடிக்கத் தோட்டத்தில் ஆள் கிடையாது, குடித்தால் மட்டும் அவன் மனுசனே கிடையாது. சுருண்டு கிடப்பது ரஞ்சனி, பிள்ளையின் அம்மா. வலது பக்கத்துக் காம்பராவில் பழனியாண்டியும் அவர் சம்சாரம் கருப்பம்மாவும். இடது பக்கம் தனிக்கட்டை டக்ளஸ். ஆறு காது. இந்த லயத்தில் பிறந்தவளுக்கு இதைப் பிள்ளையிடம் வேறு கேட்க வேண்டுமா? “ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கடா தங்கம்,” என்று மட்டும் சொல்லித் தலையைத் தடவி அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கே நெல்சன் சாருக்குப் போன் போட்டாள். நிறுவனத்தில் அவளுக்கு மேலே இருக்கிறவர். நல்ல மனுசன்தான். மேலே எழுதிவிட்டதாகச் சொன்னார். நாலு நாள் கழித்துக் கேட்டால், “ரோட்டுல மண்ணு சரிஞ்சு கிடக்கு வாசுகி, மழை விட்டதும் ஆள் வருவாங்க,” என்றார். மழை எங்கே விட்டது? தேவாலாவில் ஜூலை மாத மழை விடுவதற்கா பெய்கிறது? இரண்டு வாரம் போயிற்று. அடுத்த சனிக்கிழமை கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த ரஞ்சனியின் கன்னத்தில் புதுசாக ஒரு வீக்கம் இருந்தது.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசுகி பெரட்டுக் களத்தில் போய் நின்றாள். அன்றன்றைக்கு யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பேர் வாசித்துப் பிரித்து அனுப்புகிற இடம் அது. கவ்வாத்துக் கும்பலோடு பொன்ராஜ் மேல்மலைக்கு ஏறுகிற வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு பைக்குள்ளிருந்து அந்தப் படத்தை எடுத்து, பழனியாண்டியின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். லயத்துக்கு அவர்தான் பெரிய ஆள். அவளைத் தோளில் தூக்கித் திரிந்தவரும்தான்.

“பெரியப்பா, இந்தக் காதெல்லாம் யாரு காது?”

அவர் பார்த்தார். பக்கத்திலிருந்த கருப்பம்மாவும் எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் இருவருக்கும் புரிந்துவிட்டது. படத்தில் பேர் போடவில்லை என்று வாசுகி தைரியமாக இருந்தாள். பத்தே காம்பரா உள்ள லயத்தில் பேர் எதற்கு?

“ஒரு பொம்பளை அடிபட்டுச் சாகுறா. ஆறு காது மேலே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கு. கேட்டுட்டுப் போர்த்திப் படுத்துக்குது. ஒரு சின்னப் பிள்ளை உங்க காதைப் படம் போட்டிருக்கு. வெக்கமா இல்லையா உங்களுக்கு?”

பழனியாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசுகி விடவில்லை. ரெண்டு வாரமாக அடக்கி வைத்ததெல்லாம் மடை உடைத்துக்கொண்டது. கும்பலில் யாரும் நிமிரவில்லை. கடைசியில் நின்றிருந்த ரஞ்சனிதான் இடுப்புச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசுகியிடம் மெதுவாகக் கேட்டாள். “உங்களை யாரு கூப்பிட்டா?” கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

“சரி புள்ள,” என்றார் பழனியாண்டி. அறுபது வயது முகம் அடிபட்ட முகமாக இருந்தது. “படிச்சவ சொல்ற. இனிமே எங்க காது அந்தப் பக்கம் வராது.”

கோபத்தில் சொல்கிறார், சூடு தணிந்தால் யோசிப்பார் என்று வாசுகி நினைத்தாள். திரும்பிப் போகிற பஸ்ஸில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இருந்ததை மறைப்பானேன்.

சனிக்கிழமை சுவாதி வரவில்லை. ஜெர்சன்தான் சேதி கொண்டுவந்தான். “அக்கா, சுவாதி ஊட்டுக்கு ரெண்டு பக்கமும் மேல தகரம் அடிச்சாச்சு. பழனியாண்டி தாத்தா சந்துல உரச்சாக்குகூட அடைச்சிட்டாரு.” மழைக்குளிருக்கு அடைத்திருப்பார்கள், நல்லதுதானே என்று வாசுகி சொன்னாள். அப்படியே சொன்னாள், பாவி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு ரஞ்சனி செத்துப்போனாள். பொன்ராஜ் தள்ளினதில் தலை அடுப்புத் திட்டில் மோதியிருந்தது. அவனே வெளியே ஓடிவந்து கத்தின பிறகுதான் ஆட்கள் போனார்கள். ஜீப் பந்தலூர் போய்ச் சேரும் முன்னே மூச்சு நின்றுவிட்டது. அடுத்த நாள் வாசுகி போனபோது போலீஸ்காரர் ஒவ்வொரு காம்பராவாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

“எங்களுக்கு ஒண்ணும் கேக்கலைங்க,” என்றார் பழனியாண்டி. கருப்பம்மாவும் அதையே சொன்னாள். டக்ளஸும் அதையே சொன்னான். பொய் சொல்கிற முகம் ஒன்றுகூட இல்லை. மழை தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில், அந்த அடைப்புக்கு அப்பால், கேட்டிருக்க வழியும் இல்லை. வாசுகியைக் கண்டதும் கருப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுவாதியைக் குன்னூரில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் பார்க்க விட்டார்கள். இல்லத்து ஆன்சி சிஸ்டர் வாசலிலேயே, “இப்ப நல்லாப் பேசுறா, பயப்படாதீங்க,” என்றார். பேசுகிறாள் என்றதும் வாசுகிக்குத்தான் பயம் பிடித்தது.

சுவாதி பெஞ்சில் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினாள்.

“அப்பா அடிச்சா தாத்தா சுவத்துல தட்டுவாரு. கருப்பம்மா பாட்டி கரண்டியால தட்டும். டக்ளஸ் மாமா பெருசா இருமுவாரு. தட்டினா அப்பா கையை எறக்கிருவாரு. ஆளுங்க கேக்குறாங்கன்னா அவருக்கு வெக்கம். தட்டலைன்னா நிறுத்த மாட்டாரு. நான் கட்டிலுக்கடியில படுத்து, எப்படா தட்டுவாங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். அம்மா சொல்லுவாங்க, அந்த ஆறு காது இருக்கிறவரைக்கும் நாம சாக மாட்டோம்னு.”

வாசுகிக்கு இது தெரியாது. அவள் அப்பா கை நீட்டாத மனுசன். ஒன்பது வயது வரைக்கும் அவர்கள் காம்பராச் சுவரில் யாரும் தட்ட வேண்டி வந்ததே இல்லை. மற்றக் காம்பராக்களில் விழுந்த தட்டு எதற்கென்று அந்த வயதில் அவள் யாரையும் கேட்டதும் இல்லை. அந்தத் தட்டு ஒன்றுதான் அந்த லயத்தில் இருந்த ஒரே போலீஸ் ஸ்டேஷன். பிள்ளை அதைத்தான் வரைந்து கொண்டுவந்து கொடுத்தாள். தன்னைக் காப்பாற்றுகிறவர்களை வரைந்தாள், காப்பாற்றுகிறவர்கள் என்பதால்தான் அத்தனை பெரிசாக வரைந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பெரட்டுக் களத்தில் அந்தக் கிழவரையாவது பேச விட்டிருக்கலாம்.

“அன்னிக்கு யாரும் தட்டலை,” என்றாள் சுவாதி. “நான் சுவத்துல கையால தட்டினேன். ரெண்டு பக்கமும் தட்டினேன். அவங்களுக்குக் கேக்கலை போல.”

ஆன்சி சிஸ்டர் இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இருவரும் தொடவில்லை.

“நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்கக்கா? தாத்தா ஏன் அடைச்சாரு? யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க.”

ஏதாவது பொய் சொல்லித் தப்பிக்கலாம். சின்னப் பிள்ளைதானே, நம்பிவிடும். வாசுகி சொன்னாள். படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்ததையும், களத்தில் விரித்துக் காட்டினதையும், காது, வெட்கம் என்று தான் பேசின ஒவ்வொரு வார்த்தையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சுவாதி பெரிய ஆள் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

“தாத்தாகிட்ட ஒண்ணு சொல்றீங்களா?” என்றாள் கடைசியில்.

“சொல்றேன்டா.”

“நான் அவங்களைத் தப்பா வரையலைன்னு சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“சொல்லிட்டு, நீங்க இனிமே இங்க வராதீங்கக்கா,” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.