குறுக்கே கட்டிய டியூப்லைட்

கேட்டைவிட டியூப்லைட் நீளம் என்பது, ஸ்கூட்டரில் முக்கால்வாசி வெளியே வந்த பிறகுதான் அழகுபாண்டிக்கு உறைத்தது. பின்சீட்டில் குறுக்கே கட்டியிருந்த கட்டு இரண்டு தூணிலும் மோதி நொறுங்கியது. அவனியாபுரத்தில், அதுவும் மாமியார் வீட்டு வாசலில்.

பீஸ்போன விளக்குகளைக் குப்பையில் போடாமல் சேர்த்துவைப்பது மாமியார் கனகலட்சுமியின் வழக்கம். தல்லாகுளத்தில் அவற்றை வாங்கிக்கொள்ளும் இடத்துக்குக் கொண்டுபோவது சின்ன மருமகன் சூரியபிரகாஷின் வேலை. மோட்டார் மக்கர் பண்ணினாலும் கரண்ட் பில் கட்டவேண்டுமென்றாலும் அவனுக்குத்தான் போன். மூத்த மருமகன் அழகுபாண்டிக்குக் காபி மட்டும் கிடைக்கும். சகலை வருவதற்குள் இந்த ஒரு வேலையையாவது முடித்து நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்றுதான் காலையிலேயே கிளம்பியிருந்தான்.

விளக்குமாற்றை எடுத்தவனை, போனும் காதுமாக வந்த கனகலட்சுமி தடுத்தார்.

"கூட்டாதீங்க மாப்ள. உள்ள பாதரசம் இருக்காம், தூசியோட பறக்குமாம்."

யார் சொன்னது என்று கேட்கத் தேவையில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டார். கொஞ்ச நேரம் யாரும் கிட்டே போகவேண்டாம், அப்புறம் அட்டையால் அள்ளி, ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில் வைக்கவேண்டும் என்றான் சூரியபிரகாஷ். கடைசியில், "அண்ணே, கையில கீறலையே?" என்று வேறு கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அழகுபாண்டி குனிந்து அள்ளினான். மாமியார் கொடுத்தது, சின்ன மருமகனுக்கு முறுக்கு போட்டு அனுப்பும் டப்பா. இனி அதில் முறுக்கு போகாது. அந்த அற்ப சந்தோஷம் கண்ணாடியை அள்ளி முடிக்கும்வரைகூட நிற்கவில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டேவிட்டான்.

"அத்தை, எந்த வேலைன்னாலும் அவனையே கூப்பிடுறீங்க. நான் என்னத்துக்குத்தான் ஆவேன்?"

வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்குக் காபிதான் பதிலாக வரும். இன்று கனகலட்சுமி எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க தொட்டா உடையுது மாப்ள, அதான் வேலை சொல்றதில்ல. வேலை இருந்தாத்தான் அவருக்குப் போன் பண்ணுவேன். உங்களுக்கு, பேசணும்போலத் தோணுனா பண்ணுவேன்."