திறன் மேம்பாட்டுப் பிரிவு

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து உயிர் போன நேரத்தைச் சொல்லி, தலை குனிந்துவிட்டுப் போனதும் சயோகோ செய்த முதல் காரியம் கம்பெனிக்குப் போன் போட்டதுதான். பெற்ற மகளுக்குக்கூட அதற்கப்புறம்தான். சொல்லாமல் ஒருநாள் வராமல் இருந்தால் அதையே சாக்காக வைத்து ஆளைத் தூக்கிவிடுவார்கள் என்று கணவர் நொபோரு மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவள் புத்தியில் ஏற்றி வைத்திருந்தார். செத்துப்போனவரை இனிமேல் யார் எங்கே தூக்குவது என்றெல்லாம் அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? காலையில் சவரம் செய்துகொண்டிருந்த மனுஷன் சோப்பு நுரையோடு அப்படியே சரிந்திருந்தார். அவள் கையில் இன்னும் அந்த நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.

“என் வீட்டுக்காரர் இன்னைக்கு வேலைக்கு வர மாட்டாருங்க. உமெஹாரா நொபோரு.”

“எந்தப் பிரிவுங்கம்மா?”

“திறன் மேம்பாட்டுப் பிரிவு.”

மறுமுனையில் அந்தப் பெண் எதையோ தட்டித் தேடும் சத்தம் கேட்டது. “அப்படி ஒரு பிரிவு பட்டியல்ல இல்லீங்களே. சரியாப் பாத்துச் சொல்றீங்களா?”

“மூணு வருஷமா அங்கதாம்மா போய்ட்டு வர்றாரு.”

“மன்னிக்கணும். போன் இருக்கற பிரிவுங்கதான் எங்கிட்ட இருக்கு.”

சயோகோ போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்கு முதல் கோபம் வந்தது. அழுகை அதற்கப்புறம் வந்தது.

அந்தப் பிரிவுக்குப் போன் கிடையாது என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். கம்பெனியின் டிவியை வாங்க ஆளில்லாமல் போய், வருஷா வருஷம் நஷ்டக் கணக்கு பேப்பரில் முதல் பக்கத்தில் வர ஆரம்பித்ததும், மேலே புதிதாக வந்தவர்கள் சீர்திருத்தம் என்றார்கள். இரண்டு ஆலைகளை விற்றார்கள். மிச்சமிருந்த கக்கோகாவா ஆலையில், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போங்கள் என்று ஐம்பது வயதைத் தாண்டியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சினார்கள். பேர்தான் விருப்ப ஓய்வு. மாட்டேன் என்றவர்களைச் சட்டப்படி வெளியே தள்ள முடியாது. அதனால் பழைய கிடங்கு மாடியில் ஒரு அறையைச் சுத்தம் செய்து, சுவரைப் பார்த்து மேசைகளைப் போட்டு, அங்கே உட்கார வைத்தார்கள். வேலை என்று ஒன்றும் கிடையாது. சாயங்காலம் ஆனால் இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் திறன் மேம்பாட்டுப் பிரிவு என்று பெயர். ஆலையில் மற்றவர்கள் வாயில் அது துரத்துற அறை.

டிவிக்குள் ஓடுகிற மின்சுற்றை முப்பது வருஷம் வரைந்த கை நொபோருவுக்கு. அங்கே போன முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்துக்கொண்டே சொன்னார்: “என்னால உக்கார முடியாம நானா ஓய்வு எழுதிக் குடுத்துட்டுப் போவேன்னு பாக்கறானுங்க. நான் என்ன சின்னப் பையனா, ஒரு நாற்காலிக்குப் பயப்பட? உக்காந்தே காட்டறேன்.”

சொன்னபடி உட்கார்ந்தும் காட்டினார். அவரோடு இன்னும் நாலு பேர் உட்கார்ந்தார்கள்.

மத்தியானத்துக்குள் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து, தலை வடக்கே இருக்கும்படி கிடத்தி, முகத்தில் வெள்ளைத்துணி போட்டாயிற்று. தலைமாட்டில் கிண்ணம் நிறையச் சோற்றைக் குவித்து, அதில் அவர் சாப்பிடுகிற குச்சிகளை வழக்கப்படி செங்குத்தாகக் குத்தி வைத்தாள் சயோகோ. மகள் சினாட்சு நகோயாவிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, வாசலிலிருந்தே அப்பா அப்பா என்று அழுதுகொண்டு வந்தாள். பின்னாலேயே, சாவுச் செய்தி எட்டி, கம்பெனியின் பணியாளர் துறையிலிருந்து குரமோச்சி வந்துவிட்டார். நாற்பது வயதுக்காரர். பேச்சு அவ்வளவு நாசூக்கு. பாயில் நெற்றி படுகிற மாதிரி குனிந்து ஊதுவத்தி ஏற்றிவிட்டு, நிமிர்ந்தபோது கண்கூடக் கலங்கியிருந்தது. அது வேஷம் என்று சொல்ல முடியாது.

“அம்மா, நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. நாளைக்கு ராத்திரி துக்கத்துக்கு வர்றவங்கள வாசல்ல வாங்கற வரவேற்பு மேசைக்கு வடிவமைப்பு இரண்டாம் பிரிவுலேர்ந்து பத்துப் பேர அனுப்பறோம். மேலாளர் மிகுரியாவே நேர்ல நிப்பாரு. உமெஹாரா சார் அந்தப் பிரிவோட தூண் இல்லையா.”

சினாட்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்தாள். “ரொம்ப நன்றிங்க.”

சயோகோ நொபோருவின் பக்கவாட்டில், உடல் கெடாமலிருக்க வைத்த உலர்பனிக் கட்டியைத் துணியில் சுற்றிச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

“அவரோட உக்காந்திருந்த நாலு பேரு?”

“அவங்களுக்கு... வேலை இருக்கும்மா.”

“என்ன வேலை?”

குரமோச்சி கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“சாவுக்கு வரவேற்பு மேசையில நிக்கறவங்க யாரு? கூட வேலை பாத்தவங்கதான? நம்ம ஊர்ல அதான வழக்கம்?”

“வழக்கம் அதுதாம்மா. ஆனா மேசையில எந்தப் பிரிவுன்னு எழுதி வைக்கணும். வெளியாளுங்க வருவாங்க, நமக்குச் சாமான் விக்கற கம்பெனிக்காரங்க வருவாங்க. உங்க குடும்பத்துக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கும்னு...”

“அவர் செத்தப்ப எந்தப் பிரிவுல இருந்தாரோ அதை எழுதுங்க. அந்த நாலு பேருக்கும் லீவுக்கு யாரு முத்திரை போடணும்?”

“நான்தான்.”

“முத்திரை பையிலதான இருக்கும். இங்கயே போட்டுட்டுப் போங்க. அம்மா வற்புறுத்தினாங்கன்னு மேல சொல்லிக்குங்க. எம்மேல பழிய போடுங்க, நான் ஒண்ணும் உங்க கம்பெனியில வேலை பாக்கல.”

குரமோச்சி பையைத் திறந்தார். நாலு லீவுத் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினார்.

அவர் தலை மறைந்ததும் சினாட்சு பொரிந்து தள்ளிவிட்டாள். “ஊர் பூரா வந்து படிக்கும்மா அதை. என் மாமியார் மாமனார் வர்றாங்க. அப்பாவைக் கடைசி நாள்லயாவது இன்ஜினியரா அனுப்பக் கூடாதா? நீ யாருக்கு என்னத்த நிரூபிக்கப் போற?”

“அப்பா இன்ஜினியர்தான். இல்லைன்னு யாருடி சொன்னது?”

“அப்ப வடிவமைப்புப் பிரிவுன்னே இருக்கட்டுமே.”

“அந்தப் பிரிவு அவரை வேண்டாம்னு அனுப்பிச்சுது. மூணு வருஷமா நடையில எதிர்ல பாத்தா குனிஞ்சு செருப்பப் பாத்துட்டுப் போச்சு. இப்ப வந்து மேசையில நின்னு, எங்க ஆளு, எங்க ஆளுன்னு சொல்லும். கடைசிவரை ஓய்வு எழுதிக் குடுக்காம செத்திருக்காருடி உங்கப்பா. அவர் ஜெயிச்சதை மறைச்சு அனுப்பச் சொல்றியா?” சயோகோவின் குரல் உடைந்துவிட்டது. “எனக்கு மட்டும் ஆசையா, நாலு பேர் படிக்கணும்னு? இருந்தாலும் அப்படித்தான் செய்யப் போறேன்.”

சினாட்சு எழுந்து அடுக்களைக்குப் போய், வந்தவர்கள் குடித்த தேநீர்க் கோப்பைகளைத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

மறுநாள் சாயங்காலம், சடங்கு மண்டபத்தில் ஆட்கள் வர ஆரம்பிப்பதற்கு வெகு முன்னாலேயே நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஓனோடெரா ஒருகாலத்தில் ஒலிபெருக்கி வடிவமைத்தவர், நெட்டையான ஆள். நகட்சுகா அம்மாள் கொள்முதலில் இருந்தவள், நல்ல கையெழுத்துக்காரி. மற்ற இருவரும் உற்பத்தி வரிசையின் மேற்பார்வையாளர்கள். வேலை வெட்டி இல்லாமல் உட்கார வைக்கப்பட்டவர்களிடம் வேலை என்று ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் பார்க்க வேண்டும். மேசை எங்கே போட்டால் கூட்டம் முட்டாது, குடைகளை எங்கே வாங்கி வைப்பது, வயசானவர்களுக்கு நாற்காலி எந்தப் பக்கம், எல்லாம் ஒரு நொடியில் முடிவாகிவிட்டது. மண்டபத்து ஊழியர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நகட்சுகா அம்மாள் தூரிகையை மையில் தோய்த்துவிட்டு, சயோகோவைப் பார்த்தாள். “எழுதிடட்டுமா? நல்லா யோசிச்சுட்டீங்களா?”

“பெருசா எழுதுங்க. எனக்குக் கண்ணாடி இல்லாமப் படிக்கணும்.”

திறன் மேம்பாட்டுப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டினாள். மை காய்வதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார்.

வரவேற்பு மேசையில் நிற்பவர்கள் அந்த வீட்டுக்காரர்களின் இடத்தில் நிற்பவர்கள். வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் முதலில் அவர்கள் முன்னால் குனிந்து, துக்கத்துக்கு வருந்துகிறேன் என்று சொல்லித்தான் உள்ளே போக முடியும். பணியாளர் துறை போட்ட சட்டமில்லை அது, அதனால் அதை அவர்கள் மாற்றவும் முடியாது. சயோகோ உறவினர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவமைப்பு இரண்டாம் பிரிவு மொத்தமாக வந்து, எழுத்தைப் பார்த்ததும் தயங்கி நின்றது. பின்னாலிருந்தவர்கள் மோதிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். ஓனோடெரா ஒவ்வொருவருக்கும் அதைவிடத் தாழக் குனிந்து, ஒரே குரலில் சொன்னார்: “வேலைக்கு நடுவுல இவ்வளவு தூரம் வந்தீங்க. ரொம்ப நன்றி.”

அதில் குத்தல் துளியும் இல்லை. வந்தவர்களுக்குத்தான் காது சிவந்தது.

சினாட்சுவின் மாமியார் உள்ளே வந்து உட்கார்ந்ததும் மெல்ல விசாரித்தாள். “அது என்னம்மா, அந்தப் பிரிவு? கேள்விப்பட்டதில்லையே.”

சினாட்சு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா கடைசியா வேலை பாத்த பிரிவு அத்தை,” என்றாள் சினாட்சு. “வேலை குடுக்காம உக்கார வெக்கற இடம். அப்பா ஒருநாள்கூடத் தவறாமப் போனாரு.”

கூட்டத்தின் கடைசியில் மிகுரியா வந்தார். நொபோருவும் அவரும் ஒரே வசந்தத்தில் கம்பெனியில் சேர்ந்தவர்கள், ஒரே விடுதி அறையில் படுத்தவர்கள். நொபோருவின் கல்யாணத்தில் குடித்துவிட்டுப் பாடி, சயோகோவின் அப்பாவிடம் திட்டு வாங்கியவர். அந்த அறைக்காரர்களோடு பேசக் கூடாது, பேசினால் அவர்கள் பயிற்சி கெடும் என்று உத்தரவு வந்ததும் முதலில் வாயை மூடிக்கொண்டதும் அவர்தான். பெயர் எழுதும் இடத்தில் வெகுநேரம் நின்றார். சாம்பிராணித்தூளை நெற்றிவரை உயர்த்தித் தணலில் போட்டுவிட்டு, சயோகோவிடம் வந்தார். இளைத்துப்போயிருந்தார்.

“என்னை உள்ள விட்டதுக்கே நன்றி சொல்லணும்.”

“உள்ள விட்டது நான் இல்ல, அவங்க,” என்று வாசல் பக்கம் காட்டினாள்.

மிகுரியா தலையாட்டினார். “அடுத்த மாசம் இரண்டாம் பிரிவையும் மூடறாங்க. ஓய்வுப் பட்டியல்ல என் பேரும் வந்திருக்கு. இன்னும் வீட்டுல சொல்லல. நொபோருகிட்டப் போய்க் கேக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன், எப்படிடா உன்னால உக்கார முடிஞ்சுதுன்னு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?”

நல்லா வேணும் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தாலும் தப்பில்லை. அவள் சொல்லவில்லை.

“எழுதிக் குடுத்துட்டீங்களா?”

“இல்ல.”

“குடுக்காதீங்க,” என்றாள். அடுத்த ஆளுக்குத் தலை குனிந்தாள்.

மறுநாள் முன்பகலில் மந்திரம் ஓதி முடிந்து, பெட்டிக்குள் பூக்களை நிரப்பி, மூடினார்கள். சினாட்சு அப்பாவின் தாடையில் ஒரு பக்கம் சவரம் செய்யாமல் விட்டுப்போன முடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். கையை எடுக்க வைக்கச் சயோகோ தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வாசலில் வண்டி நின்றது. மழை விட்டிருந்தது. சயோகோ நொபோருவின் பெயர் எழுதிய சிறிய நினைவுப் பலகையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வழியனுப்ப நின்றவர்களுக்கு நன்றி சொன்னாள். யாரோ எழுதிக் கொடுத்த நாலு வரியைத்தான் படித்தாள், அதில் குறை ஒன்றுமில்லை. ஒரு பக்கம் வடிவமைப்புப் பிரிவு நின்றது, நடுவில் குரமோச்சி. எதிர்ப்பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, நாலு பேரும் வரிசையாக நின்றார்கள்.

வண்டியில் ஏறப் போனவள் திரும்பி அவர்களிடம் நடந்தாள்.

“மண்டபத்துலயே சாப்பாடு சொல்லியிருக்கேன். சாப்பிட்டுட்டுப் போங்க.”

ஓனோடெரா கூச்சத்தோடு நெளிந்தார். “அரைநாள் லீவுதாம்மா. மத்தியானத்துக்கு நாற்காலியில இருக்கணும்.”

“இந்தக் கறுப்பு உடுப்போடயா?”

“ஆமா. சாயங்காலம் எழுத வேண்டியதுதான், இன்னைக்கு என்ன கத்துக்கிட்டோம்னு.” நகட்சுகா அம்மாள் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சயோகோவுக்கு மூன்று நாளில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதாள்.

“போய்ட்டு வாங்க,” என்றாள்.

“போய்ட்டு வர்றோம்மா,” என்றார்கள் நாலு பேரும்.

அவள் ஏறியதும் கதவைச் சாத்தினார்கள். வண்டி விடைபெறும் விதமாக நீளமாக ஒரு ஊதல் ஊதியது. எல்லோரும் குனிவதற்குத் தயாராகக் கைகளைச் சேர்த்தபோது, எதிர்வரிசையிலிருந்து மிகுரியா மட்டும் நகர்ந்தார். குரமோச்சியின் முன்னாலேயே, ஈரத்தரையைக் கடந்து, நாலு பேர் நின்ற பக்கத்துக்கு வந்து ஓரத்தில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டார்.

ஓனோடெரா திரும்பிப் பார்க்கவில்லை. அரை அடி நகர்ந்து இடம் கொடுத்தார்.