படம் வேகும் நேரம்

ஒன்பது வருடக் கம்ப்யூட்டரை மாற்றுவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் மூன்று மாதமாக நடந்த வழக்கில், "வேண்டாம்" கட்சியில் நான் ஒருத்திதான். நான் சிக்கனக்காரி என்று என் கணவர் நினைத்துக்கொண்டார். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்தது போலப் படம் செய்து கொடுப்பது என் வேலை. சுவர், ஜன்னல், ஜன்னல் வழியாக விழும் வெயில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், கம்ப்யூட்டர் தானே கணக்குப் போட்டுக் கட்டம் கட்டமாகப் படத்தை நிரப்பும். ரெண்டர் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு "வேகுது" என்று பெயர். ஒரு படம் வேக நாற்பத்தைந்து நிமிடம். அதுவரை பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் படம் போச்சு என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அண்டப்புளுகு.

பொத்தானை அழுத்தியதும் கதவைச் சாத்திக்கொள்வேன். வெளியே "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று மகள் ஆரம்பித்தால், "சும்மா இருடி, படம் வேகுது" என்று மாமியாரே அதட்டுவார். நான் காலை மேஜைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். புத்தகம் கிடையாது, போன் கிடையாது. காபியைச் சூடு ஆறுமுன் குடிப்பேன். வீட்டு வேலைக்கு நடுவே நாளுக்கு இரண்டு படம், ஒன்றரை மணி நேரம். என்னை யாரும் எதற்கும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான். தூங்கும்போதுகூட எழுப்பிக் கேட்கிறார்கள்.

அதில் மண்ணைப் போடத்தான் என் கணவர் என் அண்ணனை வரவழைத்தார். அண்ணன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். இந்த மெஷினை அன்றைக்கு உயர்ந்த பாகங்களாகப் பொறுக்கி வாங்கிப் பூட்டிக் கொடுத்ததும் அவன்தான்.

"நீங்களே சொல்லுங்க மச்சான். ஒரு நாளைக்கு ரெண்டு படத்துக்கு மேல முடியல. வர்றவங்களை எல்லாம் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கு. இவகிட்ட கேட்டா, நல்லாத்தானே ஓடுதுங்கறா. பேசாம இந்தக் கிழட்டைத் தூக்கிப் போட்டுடலாமா?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "கிழடா? யானை படுத்தாலும் குதிரை மட்டம், மாப்பிள்ளை" என்றான்.

பெட்டியைத் திறந்தான், தூசியை ஊதினான், விசிறியைச் சுற்றிப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்குள் ஒவ்வொரு பக்கமாகப் போக ஆரம்பித்தான். "காபி குடிக்கிறியாண்ணா?" என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன்.

ஏனென்றால் அந்த மெஷினை வயதானது போல நடிக்க வைத்தது நான். உள்ளே கணக்குப் போடப் பன்னிரண்டு பேர் உண்டு, கோர் என்பார்கள். முன்பெல்லாம் ஒரு படம் எட்டே நிமிடத்தில் வெந்துவிடும். "எட்டு நிமிஷம்தானே, அதுக்குள்ள இந்த அடுப்பைப் பார்த்துட்டுப் போ" என்பார்கள். போன வருடம் ஒருநாள் எங்கேயோ தேடிப் படித்து, இரண்டு பேரைத் தூங்க வைத்தேன். மறுமாதம் இன்னும் இரண்டு பேர். ஒரேயடியாகச் செய்தால் சந்தேகம் வருமே! கடைசியில் இருவர் மட்டும் வேலை செய்தார்கள். பாவம், வயசாயிடுச்சு என்று வீடே மெஷினுக்காக வருத்தப்பட்டது.

அண்ணனின் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தான். கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் லேசாகத் தலையசைத்தான்.

"புதுசெல்லாம் ஒண்ணும் வேண்டாம், மாப்பிள்ளை."

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

"உள்ள பன்னெண்டு கோர்ல ரெண்டுதான் வேலை பார்க்குது. தெரியாம யார் கையோ பட்டு மாறியிருக்கு. இப்பப் பாருங்க."

மெஷினை அணைத்துப் போட்டான். பொத்தானை அழுத்தினான். கட்டங்கள் மளமளவென்று நிரம்பத் தொடங்கின. கணவர் கைதட்டாத குறை. "நீங்க தெய்வம் மச்சான்! இனிமே ஒரு நாளைக்கு ஆறு படம் சாதாரணமாப் பண்ணலாம்" என்று போனை எடுத்துத் திருப்பி அனுப்பியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்.

ஆத்திரத்தில் எனக்குக் காது அடைத்தது. கூடப் பிறந்தவன்! தங்கையின் முகத்தைவிடத் தான் பூட்டிய தகர டப்பாவின் மானம் இவனுக்குப் பெரிதாகிவிட்டது. என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு, காப்பாற்றிவிட்டதாக வேறு நினைப்பு.

வாசலில் செருப்பை மாட்டியபடி அவன் குரலைத் தாழ்த்தினான். "கை பட்டெல்லாம் அது மாறாது. நீதான் பண்ணியிருக்கே. மாப்பிள்ளைகிட்ட மூச்சு விடல. எதுக்கும்மா?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "உட்காரத்தான்" என்றேன்.

"உட்காரவா?" சற்று யோசித்தான். முகம் இளகியது. "அட அசடே, இதை என்கிட்ட சொல்லக் கூடாதா? நல்ல நாற்காலியா ஒண்ணு வாங்கி அனுப்பறேன். நாள் பூரா உட்கார்ந்து வேலை பார்த்தாலும் முதுகு வலிக்காது."

உள்ளேயிருந்து கணவர் கத்தினார். "ஏய், வெந்துடுச்சு! வா, வந்து அடுத்ததைப் போடு!"

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"எட்டு நிமிஷம்கூட ஆகல, பார்த்தியா?" என்றான் பெருமையாக.