காது டெஸ்ட் நாள்

கண்டி காது கிளினிக்கில் நம்பர் அறுபத்திரண்டு. காலை ஆறரைக்கு வந்து வரிசையில் குந்திய நோபர்ட்டையும் அவன் மனைவி மரிய கொறற்றியையும் பதினொன்றரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். கூப்பிட்டது நோபர்ட்டுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் ஏன் அங்கே வரப்போகிறான்? கொறற்றிதான் முழங்கையால் இடித்து எழுப்பினாள். இத்தனை வருஷமாகக் கத்திக் கத்தி அவள் தொண்டை தேய்ந்துபோயிற்று. இப்போதெல்லாம் பாதி சங்கதியை முழங்கையாலேயே பேசிவிடுகிறாள்.

டொக்டர் ஜுனைதாவுக்கும் அலுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அந்தப் பிள்ளை மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, உதடு தெரிகிற மாதிரி நிதானமாகப் பேசினார். மேசையில் ஒரு பக்கம் அன்று காலை எடுத்த பரிசோதனைத் தாள். மறு பக்கம் நோபர்ட் வேலை செய்யும் மில்லில் வருஷா வருஷம் எடுத்த தாள்கள்.

"போன வருஷம் வரைக்கும் ஒங்களுக்கு ரெண்டு காதும் நல்லா இருந்திருக்கு. இன்னைக்குப் பாத்தா பாதிகூட இல்ல. ஒரே வருஷத்துல இப்பிடி விழுந்தா அது சாதாரண வருத்தம் இல்லங்க, பெரிய நோயா இருக்கலாம். தலைக்கு ஸ்கேன் எடுக்கணும். ஸ்டீரொய்ட் குளிசை குடுத்துப் பாக்கலாம். ஆனா ஒங்களுக்குச் சீனி வியாதி இருக்கு, அதால வார்ட்டுல வச்சுத்தான் குடுக்கணும்."

"குடுத்தா சரியாயிருமா டொக்டர்?" என்று கேட்டாள் கொறற்றி.

"திடீர்னு போனதுன்னா, சில பேருக்குத் திரும்பி வரும்."

கொறற்றியின் முகத்தைப் பார்த்தான் நோபர்ட். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். இருந்த சோர்வெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் மேசையில் கிடந்த மில் தாள்கள் எட்டும் பச்சைப் பொய்.

மாத்தளையிலிருந்து யட்டவத்தைக்குப் போகும் பாதையில் இருக்கிறது அந்த மில். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் அங்கேதான் தூளாகிறது. அரைக்கிற ரூமில் ஆறு மெஷின். உள்ளே ஒருவருக்கொருவர் பேச வேண்டுமானால் வாயைக் காதுக்குள் வைத்துக் கத்த வேண்டும். காதுக்கு மூடி கொடுத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மூடியின் ஸ்பொஞ்சில் மிளகாய்த்தூள் படிந்து, அதில் வியர்வையும் ஊறினால் காது நெருப்பாக எரியும். ஆகவே மூடி எல்லார் கழுத்திலும் தொங்கும். மெனேஜர் எட்டிப் பார்க்கும்போது மட்டும் காதுக்கு ஏறும்.

வருஷத்துக்கு ஒருநாள் கண்டியிலிருந்து ஒரு வேன் காது டெஸ்டுக்கு வரும். டெஸ்டில் விழுந்தவனை அரைக்கிற ரூமிலிருந்து எடுத்து, கொச்சிக்காய்க்கு, அதாவது மிளகாய்க்கு, காம்பு கிள்ளும் கொட்டகைக்கு அனுப்புவார்கள். அங்கே பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். மெஷின்காரனைக் கொண்டுபோய்ப் பொம்பளைகளுக்கு நடுவே குந்தவைத்தால் ஊர் சிரிக்காதா? ஆக, ஆம்பிளைகள் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டெஸ்ட் எடுக்கிறவரின் பெட்டியில், சத்தம் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு பச்சை லைட் பத்தும். அவர் தோளுக்கு மேலால் அந்த லைட் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அதாவது பெஞ்சின் வலது ஓரம். அங்கே ஒருவன் குந்திக்கொண்டு, லைட் பத்தும்போதெல்லாம் முழங்காலில் வைத்த பெருவிரலைத் தூக்குவான். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டியவன், டெஸ்ட் கூண்டுக்குள் இருந்து கண்ணாடி வழியாக விரலைப் பார்த்து அழுத்துவான். அவ்வளவுதான், காது தங்கமாகிவிடும்.

அந்த ஓரத்து வேலை நோபர்ட்டுடையது. அவன் கூண்டுக்குள் போகும்போது மட்டும் கூட வேலை செய்யும் பஸீர் வந்து குந்துவான். மில்லில் நோபர்ட்டுக்குப் பெயரே 'சிக்னல்'. அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

"டொக்டர், அந்தத் தாள் எல்லாம் பொய்ங்க" என்றான் நோபர்ட். சத்தத்தின் அளவு தெரியாமல் பேசியதில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எனக்குக் கேக்காமப் போயி ஏழெட்டு வருஷம் ஆச்சு. கூட்டாளி காட்டுற கையைப் பாத்துப் பொத்தான அமத்தினேன்."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். பிறகு ஏசாமல் கொள்ளாமல் விளக்கினார். உள்காதில் மெல்லிய மயிர் போன்ற உயிரணுக்கள் இருக்கின்றன. இரைச்சல் அடித்து அடித்து அவை சாகும். செத்தது திரும்ப முளைக்காது. குளிசையோ ஊசியோ எண்ணெயோ அதற்கு உதவாது. காது மெஷின் போட்டால் ஓரளவு பேச்சு விளங்கும், அதற்கு எழுதித் தருகிறேன் என்றார்.

"இது ஒரு நாள்ல போறதில்லங்க. ஆரம்பத்துல வேல முடிஞ்சு வந்தா காது அடைச்சிருக்கும், விடிஞ்சா தெளிஞ்சிரும். அப்புறம் காதுக்குள்ள கூவுற சத்தம் வரும். அந்த நேரமே இரைச்சல விட்டு விலகிட்டா மிச்சத்தக் காப்பாத்திரலாம். ஒங்களுக்கு அது கடந்து போச்சு."

மாத்தளைக்குத் திரும்பும் பஸ்ஸில் கொறற்றி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அக்குறணை தாண்டிய பிறகுதான் அவனுடைய தோளைத் தொட்டு, உதடு தெரிகிற மாதிரித் தன் பக்கம் திருப்பினாள்.

"தம்பிக்கும் காது கூவுதாம்" என்றாள்.

தம்பி என்றால் ஜெராட், அவளுடன் கூடப்பிறந்தவன். வயது முப்பத்தாறு. நோபர்ட்தான் அவனை மில்லில் சேர்த்துவிட்டான், அரைக்கிற ரூமில், தன் பக்கத்து மெஷினில்.

"எப்ப இருந்து?"

"ரெண்டு மூணு மாசமா. ராவுல காதுக்குள்ள சில்வண்டு கத்துதுன்னான். விடிஞ்சா நிக்குதாம்." அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "வியாழக்கெழம டெஸ்ட்டு. அவனுக்கு ரூம் சார்ஜ், மேற்பார்வை வேல, குடுக்கப் போறாங்க, தெரியுந்தானே? டெஸ்டுல விழுந்தா அது போயிரும். இந்த ஒரு தடவ கை காட்டிருங்க. சார்ஜ் கெடச்ச பொறகு மெதுவாச் சொல்லிக்கலாம்."

நோபர்ட்டும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால். அடுத்த வருஷம் பார்ப்போம், அதற்கடுத்த வருஷம் பார்ப்போம் என்று.

புதன்கிழமை பகல் சாப்பாட்டு நேரம் ஜெராட்டிடம் பேசிப் பார்த்தான். மெஷின் நின்றிருந்தது, மழைச் சத்தமும் இல்லை. கொட்டகைக்குப் போயிரு மச்சான், டொக்டரே சொன்னாங்க என்றான். ஜெராட் சிரித்தபடி, அத்தானின் கொஞ்சமாவது கேட்கிற இடது காதுக்குக் குனிந்தான்.

"கொச்சிக்கா கிள்ளவா? சும்மா இருங்க அத்தான். நீங்க இருக்கிறப்ப எனக்கென்ன பயம்?"

அன்றைக்கு மெஷினில் கல் சிக்கியது நோபர்ட்டுக்குக் கேட்கவில்லை. கையில் அதிர்ந்த பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுத்தான்.

வியாழக்கிழமை வேன் வந்தது. சாப்பாட்டு அறையில் கூண்டை வைத்தார்கள். டெஸ்ட் எடுக்கிற ஐயா, எல்லாரும் 'டெஸ்ட் மாத்தயா' என்கிறவர், பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். நோபர்ட் பெஞ்சின் வலது ஓரத்தில் குந்தினான். முதலில் உள்ளே போன மெஷின்காரன் ஸக்கரியாவுக்கு விரல் தூக்கினான், பஸீருக்கும் தூக்கினான். அவர்கள் காது அவனுடையதைப் போலவே முடிந்த கதை. தூக்கும்போது வழமை போல் பெருமையாக இருக்கவில்லை. அருவருப்பாக இருந்தது.

மூன்றாவதாக ஜெராட் உள்ளே போனான். காதுக்குக் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணாடியால் பார்த்தான்.

லைட் பத்தியது. நோபர்ட் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

திரும்பப் பத்தியது. ஜெராட் புருவத்தைத் தூக்கினான். இன்னொரு தடவை. சிலதுக்கு அவனாகவே அழுத்தினான், சிலதுக்கு அழுத்தவில்லை. அத்தானைப் பார்த்துக் கெஞ்சினான், பிறகு முறைத்தான். நோபர்ட் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அது கோழைத்தனம் என்று நினைத்தான். தொடைக்கடியில் கை மரத்துப்போயிற்று.

ஜெராட் கூண்டை விட்டு வந்து, அவன் முன்னால் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ கேட்டான்.

"என்ன?" என்றான் நோபர்ட்.

அவன் திரும்பவும் கேட்டான், உதடு அசையாமல்.

"கேக்கல மச்சான்."

"ஏன் கை காட்டலன்னு கேக்கிறேன்!" ஜெராட் கத்திவிட்டான். "எல்லாருக்கும் லைட்டப் பாத்து வெரலத் தூக்கினீங்களே, எனக்கு மட்டும் ஏன் தூக்கல?"

டெஸ்ட் மாத்தயா சிங்களவர்தான், ஆனால் அந்தத் தமிழ் விளங்காத அளவுக்கு அவர் ஒன்றும் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. மெதுவாகத் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார், பிறகு லைட்டைப் பார்த்தார். காலையிலிருந்து எழுதிய தாள்களைக் குறுக்கே கோடு போட்டு ஒதுக்கினார். பெஞ்சை வெளியே தூக்கிப்போடச் சொன்னார். எல்லாருக்கும் முதலிலிருந்து எடுத்தார்.

பகல் தாண்டியபோது, நோபர்ட்டும் ஜெராட்டும் உட்படப் பத்துப் பேரில் ஏழு பேர் விழுந்திருந்தார்கள். மெனேஜர் வந்து குதித்தார். பஸீர் நோபர்ட்டின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஸக்கரியா எதையோ சொல்லித் துப்பினான். கேட்காததில் அந்த ஒரு வசதி இருந்தது.

எல்லாரும் போன பிறகு நோபர்ட் டெஸ்ட் மாத்தயாவிடம் ஜெராட்டின் தாளைக் கேட்டான். மனிதருக்குக் கோபம் தீரவில்லை, இருந்தாலும் காட்டினார். கேட்கும் அளவைக் காட்டும் கோடு மேலேயே நேராக ஓடி, ஓர் இடத்தில் மட்டும் சின்னதாக இறங்கி ஏறியிருந்தது. பக்கத்தில் நோபர்ட்டின் கோடு தாளின் அடியில் கிடந்தது. மாத்தயா ஜெராட்டின் கோட்டை விரலால் தட்டி, நோபர்ட்டின் முகத்துக்கு நேரே சத்தமாகச் சொன்னார்.

"இவருக்கு இன்னும் நல்லா இருக்கு, இப்பதான் கொஞ்சம் தொடங்குது. மெஷின்கிட்ட விட வேணாம்."

வெளியே வந்தான் நோபர்ட். முற்றத்தின் அந்தக் கோடியில் ஜெராட், காம்பு கிள்ளும் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தான். கழுத்தில் காது மூடி இல்லை. ரூம் சார்ஜும் இல்லை. இன்றைக்கு வீட்டில் கொறற்றி என்ன செய்வாளோ தெரியாது. அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைக்கவே நோபர்ட்டுக்குக் களைப்பாக இருந்தது.

கத்தத் தெம்பில்லை. வாய்க்குள் முனகுகிற மாதிரித்தான் கூப்பிட்டான்.

"ஜெராட்."

தன் குரல் வெளியே வந்ததா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அந்தக் கோடியில் ஜெராட்டுக்குக் கேட்டுவிட்டது, சட்டென்று நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே கொட்டகைக்குள் போனான்.