ஒருவராவது எதிர்க்க வேண்டும்

நடைபாதை வியாபாரிகளை அப்புறப்படுத்தும் மசோதா நகரசபைக்கு வந்த நாளிலிருந்து புவனோஸ் ஐரிஸில் வேறு பேச்சே இல்லை. டிவியைப் போட்டால் அதே கூச்சல். ஓன்சே வட்டாரத்தில் பட்டன், ஜிப், லேஸ் விற்கும் நதாலியோ ஷுல்மீஸ்தருக்கு அது டிவிச் சண்டை இல்லை, வாசல் பிரச்சினை. செனகலிலிருந்து வந்த இப்ரா என்ற இளைஞன் அவர் கடைக்கு நேர் முன்னால் துணி விரித்து, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் பெல்ட்டுமாகப் பரப்பியிருந்தான். அதைத் தாண்டித்தான் கடைக்குள் போக வேண்டும். பாதிப் பேர் தாண்டுவதில்லை, தொப்பி வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுகிறார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நதாலியோ, மசோதாவை ஆதரித்துத் தங்கள் யூத ஜெப ஆலயத்தின் பெயரில் ஒரு தீர்மானம் எழுதினார். நிறைவேறப் போகிறது என்று தெரு முழுக்கத் தம்பட்டமும் அடித்துவிட்டார். ஆனால் ஆலயத்தின் குருவான ரபி கிராசியேலா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஊர் விவகாரம் எதுவானாலும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் தோரா வேதத்தை வைத்து எடைபோட்ட பிறகுதான் ஆலயம் வாயைத் திறக்கும்.

வியாழன் மாலை கூட்டம் கூடியது. மாத்தே பானக் குடுவை கைக்குக் கை சுற்றி வந்தது. நதாலியோ கணீரென்று தீர்மானத்தைப் படித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் அத்தனை கையும் மேலே போயிற்று. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்கே மூன்று கட்சியாகப் பிரிகிற கூட்டம் அது. நதாலியோவுக்குத் தலைகால் புரியவில்லை.

ரபி மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாருமேவா? அப்ப இப்ரா ஜெயிச்சாச்சு. வீட்டுக்குப் போகலாம்."

"என்ன ரபி சொல்றீங்க?"

"பழைய நீதிமன்றத்துல எல்லா நீதிபதியும் ஒண்ணா 'குற்றவாளி'ன்னு சொன்னா, அந்த ஆள விட்டுடணும்னு நம்ம தல்மூத் சட்ட நூல் சொல்லுது. அவனுக்காக ஒருத்தருக்குக்கூட ஒரு வார்த்தை தோணலைன்னா, அங்க யாருமே யோசிக்கலைன்னு அர்த்தம்."

பல் டாக்டர் லிப்ஷுட்ஸ் எழுந்தார். "அது மரண தண்டனைக்குச் சொன்னது. இங்க நாம யார் தலையையும் எடுக்கல."

"பொழப்ப எடுக்கறீங்களே டாக்டர். ரெண்டும் ஒண்ணுதான்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

நதாலியோவுக்கு வியர்த்துவிட்டது. ஒரே ஒருவர் எதிர்த்தால் போதும், தீர்மானம் பிழைத்துக்கொள்ளும். டாக்டரிடம் ஓடினார். "டாக்டர், சும்மா ஒப்புக்கு எதிர்த்து ஒரு கை தூக்குங்களேன்."

"நான் கொள்கைக்காரன்யா. உனக்காகக் கொள்கைய விக்கச் சொல்றியா?"

மனைவி பெர்லாவிடம் திரும்பினார். "நீயாவது எதிர்த்துச் சொல்லேன்."

"முப்பது வருஷமா எதிர்த்துத்தான் சொல்லிட்டிருக்கேன். ஒரு நாளாவது காதுல வாங்கினியா? இன்னிக்கு எனக்கு லீவு."

வேறு வழியில்லை. "சரி, நானே எதிர்க்கறேன்!" என்று தன் கையைத் தூக்கினார். "ஒருத்தர் எதிர்த்தாச்சு. தீர்மானம் பாஸ்."

"வெறும் கை எதிர்ப்பாகாது நதாலியோ," என்றாள் ரபி. "அவனுக்காகப் பேசணும். பேசுங்க."

நதாலியோ தொண்டையைச் செருமினார். "வந்து... நல்ல பையன். சத்தமா பாட்டு வைக்கமாட்டான்."

"அப்புறம்?"

"நான் காபி குடிக்கப் போனா கடையப் பாத்துப்பான். ஒரு தடவை நான் இல்லாதப்போ லேஸ் வித்து வெச்சிருந்தான். என்னைவிட நல்ல விலைக்கு."

கூட்டம் சிரித்தது. நதாலியோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிரிக்காதீங்கய்யா. என் ஷட்டர் தினமும் பாதில சிக்கிக்கும். அவன்தான் வந்து தூக்கிவிடுவான். போன மாசம் சோதனைக்கு வந்தவங்க அவன் சரக்கெல்லாம் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் காலைல விக்க ஒண்ணுமே இல்லாம, வெறுங்கையோட வந்து நிக்கறான். எதுக்குடா வந்தேன்னு கேட்டேன். 'ஷட்டர் சிக்குமே'ன்னான்."

குடுவை டாக்டர் கையிலேயே நின்றுவிட்டது.

"டாக்டர், அது மைக் இல்ல, அடுத்த ஆளுக்குக் குடுங்க," என்றாள் பெர்லா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ரபி மறுபடி ஓட்டுக்கு விட்டாள். தீர்மானத்துக்கு எதிராக முதலில் எழுந்த கை கொள்கைக்கார டாக்டருடையது. பிறகு பெர்லா தூக்கினாள். "முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் நீ சொன்னது எனக்குச் சரின்னு பட்டுது." அப்புறம் எல்லாக் கையும் எழுந்தன.

"இப்பவும் எல்லாரும் ஒரே பக்கம்! இதுவும் செல்லாது!" என்று கத்தினார் நதாலியோ.

"விடுதலைக்கு அந்த விதி கிடையாது."

"அப்ப நான் தீர்மானத்த ஆதரிக்கறேன். நான் எழுதினதுய்யா அது!"

"காப்பாத்தப் பேசினவர் பக்கம் மாறிக் குற்றம் சொல்லக் கூடாது. அதுவும் அதே சட்டத்துலதான் இருக்கு," என்றாள் ரபி. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நதாலியோ ஆலயத்துக்குள்ளேயே செய்து முடித்திருந்தார்.

மறுநாள் காலை அவர் போவதற்குள் சேதி தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. துணியை உதறிக்கொண்டிருந்த இப்ரா முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தான். "நதாலியோ ஐயா, நேத்து எனக்காகப் பேசினீங்களாமே!"

"உன்னை இங்கேருந்து கிளப்பத்தான் பேசினேன். தப்பா நினைச்சுக்காதே."

இப்ரா குழம்பினான். "அப்ப சொன்னதெல்லாம் பொய்யா?"

நதாலியோ அவனை முறைத்தார். "இல்ல. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்ல. அதான் எனக்கு வயித்தெரிச்சல். வாசல் மறைக்குதுடா!"

இப்ரா கையிலிருந்த துணியைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். "மறைக்குதா? நீங்க சொல்லவே இல்லியே."

நகரசபைக்குச் சொல்லப் பார்த்தவர், ரபியிடம் சொன்னவர், தெருவெல்லாம் புலம்பியவர், இவனிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நதாலியோவை வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்ரா அதற்குள் இரண்டடி தள்ளிப் போய்த் துணியை விரிக்க ஆரம்பித்திருந்தான். காற்றில் அது ஒரு பக்கம் சுருண்டது. நதாலியோ குனிந்து அந்த முனையைப் பிடித்துக்கொண்டார்.